வருத்தம் நம்மை வளர்க்கிறதா?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சேலம் மாநகரின் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர்பெற்ற இடம். செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய பேட்டை என்பதே அப்பெயரின் பொருள். அங்கே ஓர் அன்பரின் திருமாளிகையில் சில நாள்கள் திவ்யப்ரபந்த கோஷ்டியில் அந்வயிக்கும் பாக்யம் நமக்குக் கிட்டியது. ஒருநாள் மாலை பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழி ஸேவித்துச் சாற்றுமுறை ஆயிற்று. குலசேகராழ்வார் திருவித்துவக்கோட்டு எம்பெருமானை நோக்கி, அவன் அளிக்கும் துயரத்திலும் அவனையன்றி வேறு புகல் இல்லை என்று அருளிச்செய்த பத்துப் பாசுரங்கள் அவை. அவற்றின் பொருளை நாம் அறிந்த அளவில் சிறிது விண்ணப்பித்தோம்.

கேட்டிருந்தவர்களில் ஓர் அம்மையார் இருந்தார். பட்டறைகளிலிருந்து கொலுசுச் சரங்களை வீட்டுக்கு வாங்கிவந்து, வளையங்களைக் கோத்தும் மணிகளை இணைத்தும் கொடுத்துக் கூலி பெறுபவர். கணவர் நோயுற்றுப் பல காலமாகப் படுக்கையில். அவர் எழுந்து கேட்டார்: "ஏனுங்க சாமி, பெருமாள் கஷ்டத்தக் குடுத்துத்தான் நம்மளப் பக்குவப்படுத்துவாருங்களா?"

நாம் சற்றும் தயங்காமல் விடை சொன்னோம். "வெள்ளியை நெருப்பில் இட்டால்தானே அம்மா மாசு நீங்கும்? தேவரீருக்குத் தெரியாததா?" என்றோம். அவர் தொழிலிலிருந்தே உவமை எடுத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியும் உள்ளூர இருந்தது.

அம்மையார் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "வெள்ளி உருக்கறவங்க மூசைய விட்டுக் கண்ணெடுக்க மாட்டாங்க சாமி. எம்மேல ஆரு கண்ணு வெச்சிருக்காங்க?" என்றார். தீர்த்தமும் ப்ரஸாதமும் பெற்றுக்கொண்டு, வேலை கிடக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்.

நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. வருத்தமும் முயற்சியும் மனிதனை வளர்க்கின்றனவா, எனில் எவ்வாறு, எந்த அளவில் என்பதைப் பூர்வாசார்யர்களின் வழியில் நின்று ஆராய வேண்டும் என்ற எண்ணம் அன்று பிறந்தது. அதுவே இக்கட்டுரை.

மறுநாள் அன்பர் ஒருவர் துணையுடன் ஒரு சிறு பட்டறைக்குச் சென்றோம். எடுத்துக்காட்டாகச் சொன்ன பொருளை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டாமா? வெள்ளி உருகுவதற்கு ஏறக்குறைய 962 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். தூய வெள்ளி மிக மென்மையானது. உறுதிக்காக அதில் செம்பு சேர்க்கிறார்கள். வெண்காரம் தூவி, மூசையில் உருக்கி, அச்சில் வார்த்துக் கம்பியாக்குகிறார்கள். அந்தக் கம்பியை ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வரிசையாக இட்ட எஃகுத் தகட்டில் நுழைத்து இழுத்து இழுத்து மெல்லியதாக்குகிறார்கள். பின் வளையங்களாக வெட்டி, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, சரமாக்கி, மெருகிடுகிறார்கள். ஒரு கொலுசு குழந்தையின் காலை அடைவதற்குள் வெள்ளி படும் பாடு சிறிதன்று.

கம்பி இழுத்துக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "எவ்வளவுக்கு எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்குக் கம்பி நன்றாகும் அல்லவா?" என்று கேட்டோம். அவர் நகைத்தார். "இழுத்துட்டே இருந்தா வெறப்பேறி அறுந்து போயிருமுங்க சாமி. நடுவுல நெருப்புல காட்டி எளக்கோணும். எப்ப எளக்கோணும்னு தெரிஞ்சவந்தான் வேலக்காரன்" என்றார்.

அவர் சொன்னது உலோகத்தின் இயல்பு. இழுக்கப்படும்போது வெள்ளியின் உள்ளமைப்பு நெருங்கிச் சிக்கி இறுகுகிறது. இறுகிய வெள்ளி வலிமை பெற்றதுபோல் தோன்றும். ஆனால் அது வளையாது. மேலும் இழுத்தால் முறியும். மங்கிய சிவப்பு நிறம் வரும் அளவுக்குச் சூடாக்கினால் அந்த இறுக்கம் தளர்ந்து மீண்டும் மென்மை பெறுகிறது. அதன் பிறகே அடுத்த துளை. சூடு மிகுந்தால் கம்பி உருகிக் கெடும். ஆகவே நெருப்பும் இழுப்பும் தாமாக எதையும் ஆக்குவதில்லை. அளவறிந்த கையும் விலகாத கண்ணும் உடையவனிடத்திலேயே அவை கருவிகள். அவன் இல்லாவிடில் அவையே வெள்ளியைக் கெடுப்பவை.

நாம் முன்னாள் சொன்ன உவமையில் நெருப்பு இருந்தது, வெள்ளி இருந்தது, வேலைக்காரன் இல்லை. அம்மையார் சுட்டிக்காட்டியது அந்தக் குறையைத்தான்.

இனிப் பாசுரங்களுக்கு வருவோம். குலசேகராழ்வார் அந்தத் திருமொழியில் பல உவமைகளை அடுக்குகிறார். சினந்து தள்ளும் தாயையே நினைத்து அழும் குழந்தை, பிறர் இகழும்படி கணவன் நடந்தாலும் அவனையே பற்றிநிற்கும் குலமகள், எப்படி ஆண்டாலும் மன்னனையே நோக்கி வாழும் குடிகள், கடல்நடுவில் கரை காணாது மீண்டும் மரக்கலத்தின் பாய்மரத்துக்கே வந்து சேரும் பறவை என்று அவை செல்கின்றன. நான்காம் பாசுரத்தில் மருத்துவனும் நோயாளனும் வருகிறார்கள். அறுத்தும் சுட்டும் வருத்துகிற மருத்துவனிடத்தில் நோயாளனுக்கு அன்பு மாறாததுபோல், தன் துயரத்தின் நடுவிலும் அடியவன் எம்பெருமானையே நோக்குவான் என்பது அதன் கருத்து.

இப்பாசுரம் துயரத்தைப் புகழ்வதாகப் பலர் கொள்கின்றனர். நாமும் அவ்வாறே கொண்டோம். சிறிது நிதானித்து ஸேவித்தால் மூன்று செய்திகள் புலப்படும்.

முதலாவது, நோயாளன் காதலிப்பது மருத்துவனை, கத்தியையன்று. கத்தியை அவன் பொறுத்துக்கொள்கிறான், அவ்வளவே. அறுவையில் உயர்வு இருந்தால் மருத்துவன் நலமாக இருப்பவனையும் அறுத்திருப்பானே! நோய் உள்ள இடத்தில் மட்டும், தேவையான அளவு மட்டும் கத்தி செல்கிறது. குறைந்த அறுவையில் நோய் தீருமானால் நல்ல மருத்துவன் அதையே தேர்வான்.

இரண்டாவது, அத்திருமொழியின் முதல் பாசுரமே துயரம் களையப்படவேண்டும் என்ற நினைவோடுதான் தொடங்குகிறது. நீ தந்த துயரை நீயே தீர்க்காவிட்டாலும் எனக்கு வேறு கதியில்லை என்கிறாரே தவிர, துயரம் இருக்கட்டும், நான் பக்குவப்படுகிறேன் என்று ஆழ்வார் கூறவில்லை. திருவித்துவக்கோட்டில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு உய்யவந்த பெருமாள் என்றே திருநாமம். உய்விக்க வந்தவனிடம் உய்வைக் கேட்பது குறைபாடாகாது.

மூன்றாவதுதான் நம்மைச் சுட்டது. ஆழ்வார் இதனைத் தம்மைப் பற்றி அருளிச்செய்தார். நோய்ப்படுக்கையில் கிடப்பவன் தன் வாயால் சொல்லும்போது அது மஹாவிச்வாஸம். அருகில் நலமாக நிற்பவன் அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்கி, அவனுக்கே உபதேசமாகச் சொன்னால் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. குந்திதேவி கண்ணனிடம் ஆபத்துகள் தொடர்ந்து வரவேண்டும் என்று வேண்டியதை ஸ்ரீபாகவதம் கூறும். அவளும் தன் பேச்சாகவே அதனை வேண்டினாள். ஆபத்துதோறும் கண்ணன் காட்சி கிட்டியது என்பதே அவள் கூறிய காரணம். அயல்வீட்டுப் பெண்ணுக்கு ஆபத்து வரட்டும், அவள் தேறட்டும் என்று அவள் வேண்டவில்லை. பிறர் துயரைக் கண்டவிடத்து நமக்கு விதிக்கப்பட்டது இரக்கம். அதற்கு விளக்கம் தேடுவது நம் வேலையன்று.

எம்பெருமான் தானும் அவ்வாறே நடந்துகொண்டான். கஜேந்த்ராழ்வான் நெடுங்காலம் முதலையோடு போராடித் தன் வலி ஒடுங்கிய பின் ஆதிமூலமே என்று அழைத்தான். அப்போது பகவான், இன்னும் சிறிது நேரம் போராடினால் இவன் மேலும் பக்குவப்படுவான் என்று எண்ணியிருக்கலாமே! எண்ணவில்லை. ஓடிவந்தான். பராசர பட்டர் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் அந்தக் காட்சியில் ஈடுபட்டு, எம்பெருமானுடைய மற்ற குணங்களைக் காட்டிலும் அவன் அன்று கொண்ட அந்த வேகத்துக்கே நமஸ்காரம் என்கிறார். நம் ஸம்ப்ரதாயத்தில் வணக்கத்துக்குரியதாகச் சொல்லப்பட்டது அடியவனுடைய வேதனையன்று. அதைப் பொறாத ஸ்வாமியினுடைய விரைவு.

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் வருத்தத்துக்கும் முயற்சிக்கும் நம் வாழ்வில் இடமே இல்லையா? ஈச்வரனே உபாயம், ஸித்தமாக நிற்பவன் அவனே, நாம் செய்யவேண்டுவது விலக்காமை ஒன்றுதான் என்று கேட்டவர்கள் சிலர், கைகட்டி இருப்பதையே சரணாகதி என்று மயங்குவதுண்டு. குரங்குக்குட்டி தாயைப் பற்றும், பூனைக்குட்டியைத் தாய் பற்றும் என்ற இரண்டு நியாயங்களை நாம் அறிவோம். இரண்டிலும் சுமப்பவள் தாயே. பூனைக்குட்டியும் வாழ்நாள் முழுவதும் தாயின் வாயில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. இறக்கிவிட்ட இடத்தில் தத்தித் தத்தி நடக்கிறது, விழுகிறது, எழுகிறது, ஓடக் கற்கிறது. முயற்சி உண்டு. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதே கேள்வி.

ஸ்ரீமந்நாதமுனிகளின் சரித்ரம் இதற்கு விடையளிக்கிறது. காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்ரிகர்கள் ஆராவமுதன் விஷயமான பத்துப் பாசுரங்களை ஸேவிக்க, அதன் முடிவிலிருந்து அவை ஆயிரத்துள் பத்து என்று அறிந்தார். மற்றவை எங்கே என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை. திருக்குடந்தை சென்றார், அங்கும் கிடைக்கவில்லை. திருக்குருகூர் சென்றார். அங்கே மதுரகவியாழ்வாரின் சிஷ்ய வம்சத்தவரான பராங்குச தாஸர், ஆயிரமும் மறைந்துபோயின என்று கூறி, கண்ணிநுண் சிறுத்தாம்பை நம்மாழ்வார் திருமுன்பே பன்னீராயிரம் உரு அநுஸந்தித்தால் ஆழ்வார் அருள்வார் என்றார். பதினொரு பாசுரங்கள், 12,000 முறை. ஆக 1,32,000 பாசுரங்கள். நாதமுனிகள் ஒரே இருப்பாக இருந்து அதனைச் செய்து முடித்தார் என்பது குருபரம்பரை.

இந்த உழைப்பை விலை என்று கொள்ளலாமா? விலையாயின் கேட்ட சரக்கைத்தான் கொடுப்பார்கள். நாதமுனிகள் தேடிப்போனது ஓர் ஆயிரத்தை; ஆழ்வார் அளித்தது நாலாயிரத்தையும், அவற்றின் பொருள்களையும். கணக்கு ஒவ்வாத இடத்தில் வாணிபம் இல்லை, அருளே இருக்கிறது. ஆயினும் அந்தப் பன்னீராயிரம் வீணன்று. ஆழ்வாரையன்றி வேறறியேன் என்னும் கருத்துடைய பாசுரங்களை அத்தனை முறை சொன்ன நாவும் நெஞ்சும் பெறவேண்டியதைப் பெறுவதற்குரிய பாத்திரமாயின. மழையைக் குளம் விலைகொடுத்து வாங்குவதில்லை. ஆனால் தூர்வாராத குளத்தில் எத்தனை மழை பெய்தாலும் நிற்பது கொஞ்சமே. சேலம், நாமக்கல் சமவெளியில் ஏரி பார்த்து வாழ்ந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மண்வெட்டி மழையை வருவிக்காது. வந்த மழையை விலக்காமல் இருக்க வழி செய்யும்.

ஆகவே முயற்சி பேற்றுக்கு விலையன்று என்று ஆசார்யர்கள் கூறும்போது முயற்சியை விலக்கவில்லை. அதன் தலையிலிருந்த அஹங்காரத்தை மட்டும் இறக்கிவைக்கிறார்கள். என் உழைப்பால் பெற்றேன் என்ற எண்ணம் நீங்கிய பின்னும் உழைப்பு நிற்கிறது. அதற்குக் கைங்கர்யம் என்று பெயர். அதே மண்வெட்டி, அதே வியர்வை. முன்பு அது கூலிக்குரியதாக இருந்தது. இப்போது அதுவே பேறு.

இந்தச் சமவெளிக்கு உரிய மற்றொரு சரித்ரத்தையும் இங்கே நினைக்கவேண்டும். கணிதமேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1887 இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். நாமக்கல் நாமகிரித் தாயார் அவர்கள் குலதெய்வம். தம் கணிதத்துக்கு அத்தாயாரின் அருளே காரணம் என்று அவர் சொல்லிவந்தது உலகறிந்தது. வறுமையால் தாளுக்கு வழியின்றிக் கற்பலகையில் எழுதி முழங்கையால் அழித்து மீண்டும் எழுதினார் என்பதை நம்மவர் பெருமையோடு கூறுவர். வறுமையே அவரைச் செதுக்கியது என்றும் முடிப்பர்.

அது சரியா? அந்தக் கற்பலகையில் அழிந்துபோன வழிமுறைகள் எத்தனையோ! அவர் விட்டுச்சென்ற குறிப்பேடுகளில் பெரும்பாலும் முடிவுகளே உள்ளன. அவற்றுக்கு நிரூபணம் காணப் பின்வந்த அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க நேர்ந்தது. கல்லூரித் தேர்வுகளில் தோற்றார், உதவித்தொகை நின்றது. அவர் வளர்ந்தது துன்பம் மிகுந்த நாள்களிலா, துன்பத்தைச் சிலர் குறைத்த நாள்களிலா? நெல்லூரில் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்தார். 1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே நாராயண ஐயர் அவர் அருமையை அறிந்து துணைநின்றார். 1913 இல் ஹார்டிக்குக் கடிதம் சென்றது. அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914 இல் கடல்கடந்து கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே போர்க்காலத் தட்டுப்பாடும், குளிரும், ஆசாரத்துக்குரிய உணவின் அருமையும், நோயும் அவரை வாட்டின. 1918 இல் ராயல் சொஸைடியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், பரமபதித்தார்.

அவருடைய முயற்சி அவரை வளர்த்தது, ஐயமில்லை. எண்களிடத்தில் கொண்ட காதலால் பசியை மறந்து செய்த முயற்சி அது. ஆனால் பசி அவரை வளர்க்கவில்லை. பசி அவரை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. முயற்சியையும் வருத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு இந்த வேறுபாடு எளிதில் கண்ணில் படுவதில்லை. முயற்சி உள்ளேயிருந்து எழுவது. வருத்தம் வெளியிலிருந்து விழுவது. விழுந்த வருத்தத்தை முயற்சியாக மாற்றிக்கொள்வோர் உண்டு. அது அவர்கள் பெற்ற அருள். அந்த அருளைக் கண்டு வருத்தத்துக்கு நன்றி சொல்வது, வெள்ளம் வந்தபோது நீந்தி மீண்டவனைப் பார்த்து வெள்ளத்துக்கு மாலையிடுவது போன்றது. மீளாதவர்கள் கரையில் நின்று பேசுவதில்லை. அதனால் அவர்கள் கணக்கு நமக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் ஒருவன் பட்ட வருத்தமும் செய்த முயற்சியும் அவனை மெய்யாகவே வளர்த்தன என்பதை எதைக்கொண்டு அறிவது? அவன் இறுகினானா, இளகினானா என்பதைக்கொண்டு அறியலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. கம்பி இழுத்த முதியவர் கற்பித்த பாடம் இது. வருத்தம் பட்டவர்கள் பலர் இறுகிவிடுகிறோம். "நான் பட்ட பாட்டை நீயும் படு, அப்போதுதான் தெரியும்" என்கிறோம். அடிபட்டுத் தொழில் கற்றவன் தன்னிடம் வந்த சிறுவனை அடிக்கிறான். மாமியாரிடம் வருந்திய மருமகள் தான் மாமியாரானபோது அதே வழியில் செல்கிறாள். வேதாத்யயனத்தில் கூட இது நேர்வதை நாம் கண்டிருக்கிறோம். தன் வருத்தத்துக்கு மதிப்பு வேண்டும் என்பதற்காகவே அதனைப் பிறர்மேல் ஏற்றுகிறோம். இது வளர்ச்சியன்று; விறைப்பு.

எம்பெருமானார் என்ன செய்தார்? ரஹஸ்யார்த்தம் பெறத் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை எழுந்தருளினார். இன்றைய சாலையில் ஒருமுறை செல்வதே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நம்பி பதினேழு முறை திருப்பி அனுப்பினார். பதினெட்டாம் முறை அருளினார். இத்தனை வருந்திப் பெற்ற ஒருவர், எனக்குப் பதினெட்டு என்றால் உங்களுக்கு ஒன்பதாவது வேண்டாமா என்று கேட்டிருந்தால் யாரும் குறைகூற மாட்டார்கள். அவரோ விருப்பமுள்ளோர் அனைவரும் பெறும்படி அப்பொருளை வெளியிட்டார். ஆசார்ய நியமனத்தைக் கடந்ததால் தாம் நரகம் புகுந்தாலும், கேட்டவர்கள் உய்வார்களே என்று விண்ணப்பித்தார். நம்பி நெகிழ்ந்து எம்பெருமானார் என்று அணைத்துக்கொண்டார். ஓராண் வழியாக வந்த உபதேசத்தின் வரம்பை அவர் அறுத்து, ஆசை ஒன்றையே தகுதியாக்கினார் என்று மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையில் கொண்டாடுவது இதனையே.

பதினெட்டு முறை நடந்தவர், பின்வருவோர் ஒருமுறையும் நடக்கவேண்டாதபடி வழியைச் சுருக்கிவிட்டார். நாதமுனிகளும் அவ்வாறே. மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் நாலாயிரத்தைப் பண்ணோடு கற்பித்தபோது முதலில் பன்னீராயிரம் உருச் சொல்லிவா என்று அவர்களை அனுப்பியதாகக் கேட்டதில்லை. தாம் பட்ட வருத்தத்தால் பிறர் வருத்தம் குறைந்தால் அந்த வருத்தம் அவரை வளர்த்தது என்று அறியலாம்.

கூரத்தாழ்வானுடைய சரித்ரம் இதனை மேலும் விளக்கும். தர்சனத்துக்காகக் கண்களை இழந்தவர் அவர். அவரை அரசனிடம் காட்டிக்கொடுத்தவன் நாலூரான். காஞ்சிப் பேரருளாளன் வரமளிக்க முன்வந்தபோது, தமக்குக் கிட்டும் பேறு நாலூரானுக்கும் கிட்டவேண்டும் என்று ஆழ்வான் வேண்டினார். இந்தப் பெருமையைப் பல உபந்யாஸங்களில் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் நடந்த ஒன்றை எளிதில் கடந்துவிடுகிறோம். பேரருளாளனிடம் கண்களை வேண்டிக்கொள்ளும்படி ஆழ்வானை நியமித்தவர் எம்பெருமானாரே. கண் போனதால் ஆழ்வானுக்கு அகக்கண் திறந்தது, அதுவே போதும் என்று அவர் திருவுள்ளம் கொள்ளவில்லை. ஆழ்வான் கண்ணை வேண்டாது வந்தபோது வருந்தினார். சிஷ்யன் தன் துயரத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆசார்யன் சிஷ்யனுடைய துயரத்தைப் பொறுக்கவில்லை. தம் துயர் விஷயத்தில் ஆழ்வானைப் போலவும், பிறர் துயர் விஷயத்தில் எம்பெருமானாரைப் போலவும் இருக்கவேண்டும். நாம் செவ்வாய்ப்பேட்டையில் இதனை மாற்றிச் செய்தோம். நம் காலில் முள் தைத்தால் பெருமாளிடம் முறையிடுகிறோம். பிறர் நெருப்பில் நின்றால் புடம் என்கிறோம்.

அந்த அம்மையாரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லவேண்டுமானால் இவ்வாறு சொல்வோம். அம்மா, உங்கள் கணவரின் நோய் உங்களைப் பக்குவப்படுத்த வந்தது என்று சொல்ல எமக்கு அதிகாரமில்லை. எம்பெருமானின் திருவுள்ளத்தை நாம் அறியோம். அவன் வருத்தத்தைக் கண்டு விரைபவன் என்பது மட்டும் பெரியோர் வாக்கால் அறிவோம். விடியுமுன் எழுந்து, அவருக்குப் பணிவிடை செய்து, பிறகு மணி கோக்க உட்காருகிறீர்களே, அந்த முயற்சியை விலை என்று எண்ணவேண்டாம். எவ்வளவு செய்தால் துன்பம் தீரும் என்று கணக்குப் பார்த்து நெஞ்சு இறுகவேண்டாம். அது ஏற்கெனவே கைங்கர்யம். உங்கள்மேல் யார் கண் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். பெருமாளின் கண் உண்டு. அதனைப் பார்க்கும்படி காட்டவேண்டிய பாகவதர்களின் கண்கள்தாம் மூடியிருந்தன.

இதனைச் சொல்ல மறுவாரம் அவர் இல்லம் தேடிச் சென்றோம். சொல்ல வாய் எழவில்லை. அவர் கணவரின் கட்டிலருகே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்பர்களில் ஒருவர், மருத்துவமனைக்கு எந்தக் கிழமைகளில் போகவேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கோஷ்டியில் மூவர் முறைவைத்து அழைத்துச் செல்கிறார்கள். இது பெரிய தர்மமன்று. நம்பியும் எம்பெருமானாரும் ஆழ்வானும் வாழ்ந்து காட்டிய வழியில் ஒரு காலடி, அவ்வளவே. புறப்படும்போது அம்மையார், "போன வாரம் நாந்தான் ஏதோ வெடுக்குனு பேசிட்டனுங்க சாமி" என்றார். பேசியிராவிட்டால் நமக்கு அந்தத் திருமொழி இன்னும் விளங்கியிராது என்று விண்ணப்பித்து விடைகொண்டோம்.

இதனை வாசிக்கும் அன்பர்கள் உலகின் பல மூலைகளில் பலவகை வருத்தங்களோடு இருக்கலாம். வேற்றுநாட்டில் தனிமை, பிள்ளைகளைப் பற்றிய கவலை, முதியோரைப் பிரிந்த துயர், உடல்நோய். அவை உங்களை வளர்க்கவே வந்தன என்று நாம் சொல்லப்போவதில்லை. நீங்களாக ஒருநாள் ஆழ்வாரைப் போல அவன் திருமுகத்தை நோக்கிச் சொன்னால், அருகிருந்து கேட்டுக் கைகூப்புவோம். அதுவரை, தூர்வாரும் மண்வெட்டியைக் கீழே வைக்காமலும், அருகில் இருப்பவர் சுமையில் ஒரு பிடியைத் தாங்கியும் இருப்போமாக. இழுத்து இழுத்து இறுகிய இடத்தில் நம்மை இளக்கவேண்டிய வேளையை உய்யவந்த பெருமாள் அறிவான்.

குற்றங்குறைகளைப் பெரியோர் பொறுத்தருள ப்ரார்த்திக்கிறோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.